படகில் இல்லாத நாய்

“படகு கேம் முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்.”

“ஓடுமா, ஓடாதா?”

“ஓடும். கடைசியில எல்லாரும் இறங்கிப் போயிடறாங்க, அந்த நாய் மட்டும் இறங்காம படகுலயே உட்கார்ந்துக்குது பாருங்க, அது ஒண்ணுக்கே ஓடும். நான் அதுக்கு ஸ்ட்ரெச்சர்னு பேர் வெச்சேன்.”

“ஆஸ்பத்திரி புத்தி எங்கே போகும்? ம்... நாய் நல்லாத்தான் இருந்துச்சு.”

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு காலையில் அவளும் கணவனும் வாசலில் நின்று பேசியது இது. அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் வேலைக்குக் கிளம்ப ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த ‘ம்’முக்கும் அதற்கு அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவன் கை லேஸில் அப்படியே நின்றது. அன்றைக்கு அதை அவள் பொருட்படுத்தவில்லை. இன்றைக்குத்தான், கூடத்தில் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது.

திரையில் படகு போய்க்கொண்டிருந்தது. ஒரு கிழவர் ஏறினார், மூட்டையோடு ஒரு பெண் ஏறினாள், புல்லாங்குழலோடு ஒருவன் ஏறினான். நாய் ஏறும் கரை எது என்று அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். காணோம்.

தூங்க வேண்டிய நேரம் அது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் அடைத்த சோதனைக் குழாய்களோடு நின்றுவிட்டு வந்த உடம்பு. சிவப்பு மூடி, ஊதா மூடி, நீல மூடி என்று கண்ணை மூடினாலும் வரிசையாக நிற்கும். ஆனால் இன்று கண்ணை மூட முடியவில்லை. காலையில் கிளம்பும்போது லேப் இன்சார்ஜ் அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பகல் ஷிஃப்டில் ஓர் இடம் காலியாகிறது, உனக்குத்தான் முதலில் கேட்கிறேன், சாயந்திரத்துக்குள் சொல்லிவிடு, இல்லாவிட்டால் புதுப்பெண்ணுக்குப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். வந்த இடத்தில் கேட்கவில்லை. வாசலில் அவன் வழக்கம்போல என்ன விளையாடினாய் என்று கேட்டான். அவளும் வழக்கம்போல ஏதோ சொன்னாள். அவன் போய்விட்டான்.

அவள் ராத்திரி டூட்டிக்குப் போனதே அவன் கேட்டுத்தான். கல்யாணமான மறு வருஷம் மாமாவுக்கு, அவன் அப்பாவுக்கு, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. லாரி ஓட்டிய மனுஷன். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தபடியே ஊர் சுற்றியவர், படுத்தபடி ஒரே இடத்தில் இருக்க வேண்டியதாயிற்று. கூடத்தில் கட்டிலைப் போட்டார்கள். பகலில் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது, கொஞ்ச நாளைக்கு நீ ராத்திரி ஷிஃப்ட் எடுத்துக்கொள்கிறாயா, பகலில் நீ, ராத்திரியில் நான் என்று அவன் கேட்டான். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டிலின் காலைப் பார்த்துக் கேட்டான். அவள் சரி என்றாள். மாமாவை அவளுக்கும் பிடிக்கும்.

கேம் பெட்டி வந்ததும் மாமாவுக்காகத்தான். டிவியில் செய்தி பார்த்தால் கோபம் வருகிறது, சீரியல் பார்த்தால் தூக்கம் வருகிறது என்று அவர் புலம்ப, லாரி ஓட்டும் கேம் ஒன்றை அவன் கொண்டுவந்து போட்டான். அவன் ஓட்டுவான், அவர் படுத்துக்கொண்டு திட்டுவார். வளைவில் ஹாரன் அடிக்கவில்லை என்பார். இறக்கத்தில் கியரை மாற்று என்பார். மருமகள் ஓட்டினால் மட்டும், “பரவாயில்ல, இவளை நம்பி லோடு ஏத்தலாம்,” என்பார். அவள் அதுவரை தெருவில் மூன்று போஸ்ட் கம்பங்களைச் சாய்த்திருப்பாள். எந்த கேமாக இருந்தாலும் அவரிடம் இரண்டே தீர்ப்புதான். ஓடும், அல்லது ஓடாது. பேய் வீடு கேமைப் பார்த்துவிட்டு, “இவ்ளோ பெரிய வீட்டுல ஒரு டியூப் லைட்டு போட வக்கில்ல. ஓடாது,” என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஒரு கேமை நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று சொன்னதே கிடையாது.

மாமா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டில் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது, அதன்மேல் மடிக்காத துணி கிடக்கிறது. ராத்திரி டூட்டியும் அப்படியேதான் இருக்கிறது. இனி பகலுக்கு வருகிறேன் என்று அவளாகச் சொல்ல வாய் வரவில்லை. மாமா எப்போது போவார் என்று காத்திருந்த மாதிரி ஆகிவிடும் என்று முதலில் நினைத்தாள். அவனாகக் கேட்கட்டும், ராத்திரிக்குப் போகச் சொன்னவன்தானே என்று பிறகு நினைத்தாள். அவன் கேட்கவில்லை. கேட்காதவனிடம் போய் நான் வரட்டுமா என்று எப்படி நிற்பது? இப்படியே தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அது ஒரு கூச்சமாகவே மாறிவிட்டது.

காலையில் வாசலில் கொஞ்ச நேரம், சாயந்திரம் வாசலில் கொஞ்ச நேரம். அவ்வளவுதான் இருவருக்கும். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் தன் நாளைப் பற்றிச் சொன்னால் கிரீஸ் வாசனைதான் மிஞ்சும், ரத்தப் பரிசோதனைக்காரியின் நாளைச் சொன்னால் சாப்பிடத் தோன்றாது. பால் தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது என்று பேசினால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்சமிருந்தது கேம்தான். மாமா இருந்த காலத்துப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. நீ எதுவரை வந்தாய், அந்தக் கதவு திறந்ததா, அந்த ராஜா மறுபடி கொன்றானா, ஓடுமா, ஓடாதா. அந்தப் பேச்சில் மட்டும் அவன் குரலில் பழைய துள்ளல் கொஞ்சம் வரும். அதற்காகவே அவள் விளையாடினாள்.

விளையாடினாள் என்பது பெயருக்கு. காலையில் குளித்துவிட்டுப் பெட்டியை ஆன் செய்து, கன்ட்ரோலரைக் கையில் பிடித்ததும் கண் சொருகிவிடும். எழுந்து பார்த்தால் மத்தியானம் தாண்டியிருக்கும், கன்னத்தில் பட்டனின் அச்சு விழுந்திருக்கும். முதல் சில நாட்கள் தூங்கிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னாள். அவன், சரி, தூங்கு என்று சொல்லிவிட்டு லேஸைக் கட்டிக்கொண்டு போனான். அந்தக் காலைகள் ரொம்பவும் சின்னதாக இருந்தன.

அப்புறம்தான் ஆம்புலன்ஸ் டிரைவர் கிடைத்தார். பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே பெஞ்சுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடும் இடம் ஒன்று உண்டு. அழைப்பு வராத நேரமெல்லாம் அவர் அங்கேதான், மூலை உடைந்த பழைய கையடக்க கேம் கருவியோடு. எதை விளையாடினாலும் வாய் சும்மா இருக்காது. அக்கா, இவன் ஏமாத்திட்டான் அக்கா என்பார். இந்தப் பாலத்தைப் போட்ட என்ஜினியரை உள்ளே தள்ளணும் அக்கா என்பார். படகு கேமைப் பற்றி அவர் சொன்னபோது, இவரும் எங்கள் வீட்டுக் கேமைத்தான் ஆடுகிறார் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் சொன்னதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வாசலில் வந்து தன் அபிப்பிராயமாகச் சொன்னாள். ஸ்ட்ரெச்சர் என்பதும் படகு நாய்க்கு அவர் வைத்த பெயர்தான்.

அந்த டிரைவர் ஒரு வாரமாக லீவு. அதனால் இன்று காலை வாசலில் சொல்லச் சரக்கு இல்லாமல், அந்தப் படகு கேமையே மறுபடி எடுத்திருக்கிறேன், இரண்டாம் தடவையும் ஓடும் என்று சொல்லிச் சமாளித்தாள். சொன்னதையாவது உண்மையாக்கலாம், சாயந்திரம் பெரிய விஷயம் பேசும்போது இந்தச் சின்னப் பொய் தொண்டையில் நிற்க வேண்டாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறாள்.

நாய் வரவே இல்லை. அவள் டிரைவருக்குப் போன் போட்டாள்.

அவர் எங்கோ கல்யாண வீட்டில் இருந்தார், பின்னால் ஒரே சத்தம். அவள் கேட்டதும் சிரித்தார். “அக்கா, நீங்க புதுசு ஆடறீங்க. நான் ஆடறது பழசு. புதுசா மாத்திப் போட்டப்போ நாயைத் தூக்கிட்டாங்க. அந்தக் கடுப்புலதான் நான் புதுசே வாங்கலை.”

போனை வைத்துவிட்டு அவள் டிவியைப் பார்த்தபடி இருந்தாள். அப்படியென்றால் நாய் நல்லாத்தான் இருந்துச்சு என்று அவன் சொன்னது எந்த நாயை? அதோடு போகவில்லை. அதற்கப்புறமும் பல காலைகளில் அவனே எடுத்துப் பேசியிருக்கிறான். மழையில் அது படகின் கூரைக்கடியில் ஒதுங்குவதை, புல்லாங்குழல்காரன் வாசித்தால் அது கூடவே ஊளையிடுவதை. ஊளையிட்ட விஷயம் டிரைவரே அவளிடம் சொன்னதில்லை.

படகை நிறுத்தக் கன்ட்ரோலரைத் தேடியபோதுதான் அந்த ஒயர் கண்ணில் பட்டது. டிவிக்குப் பின்னாலிருந்து இறங்கி, சுவர் ஓரமாக ஓடி, மாமாவின் கட்டிலுக்கு அடியில் போனது. லிஃப்ட் மெக்கானிக் போட்ட ஒயர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அங்கங்கே கிளிப் அடித்து, மூலையில் செங்கோணமாக மடித்து அவ்வளவு ஒழுங்காக இருந்தது. குனிந்து பார்த்தாள். மாமாவின் போர்வைகளை வைத்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் மஞ்சளேறிப்போன ஒரு பழைய கேம் பெட்டி இருந்தது. மேலே தூசி இல்லை.

ஆன் செய்தாள். படம் மங்கலாக வந்தது. அதே ஆறு, ஆனால் வண்ணம் வேறு. படகின் முன்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் கட்டை குட்டையாக ஒரு நாய், வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே அதன் பெயர் எழுதியிருந்தது. ஸ்ட்ரெச்சர்.

அவள் அழவில்லை. அழும் அளவுக்குத் தெம்பும் இல்லை. கட்டிலில் கிடந்த துணியை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு மாமா படுத்திருந்த இடத்தில் சாய்ந்துகொண்டு, நாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அவ்வப்போது காதைச் சொறிந்தது. எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

கதவு திறக்கும் சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. சாயந்திர வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அவன் பையோடு உள்ளே வந்தவன், திரையைப் பார்த்து அப்படியே நின்றான். தோளில் மாட்டிய டார்ச்சும் லிஃப்ட் கதவைத் திறக்கும் நீளச் சாவியும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. சட்டையின் ஒரு கை முழுக்கக் கிரீஸ்.

கிளம்பலையா, நேரமாகிறதே என்றுதான் கேட்டான். அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவன் பையை இறக்கி வைத்துவிட்டு, இன்று யாரோ ஒருவர் பெரிய சோபாவோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகவும், திறந்து பார்த்தால் அந்தச் சோபாவிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாகவும் சொல்லத் தொடங்கினான். அவள் சிரிக்காததைப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டான்.

“இந்தப் பெட்டி ஏதுங்க?”

அவன் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். நான் போகிற ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடிக்காரர் தூக்கிப் போட வைத்திருந்தார், கேட்டு வாங்கி வந்தேன் என்றான். எப்போது என்று அவள் கேட்டாள். நீ நாயைப் பற்றிச் சொன்ன வாரம் என்றான். பிறகு, சொல்லிவிடுவதுதான் சுலபம் என்று தோன்றியவன் போல எல்லாவற்றையும் சொன்னான். முதலில் அவள் ஏதோ மறைந்திருக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நம்பியிருக்கிறான். அந்த நாயைத் தேடிப் புது கேமை மறுபடி முதலிலிருந்து கடைசிவரை ஆடியிருக்கிறான். ஒவ்வொரு கரையிலும் இறங்கிப் புதர் புதராக விசில் அடித்திருக்கிறான். அப்புறம் கூட வேலை பார்க்கும் ஒருவர்தான் அது பழைய கேமில் இருப்பது என்று சொல்லியிருக்கிறார்.

“அப்போ நான் ஆடலைன்னு தெரிஞ்சிருக்கும்.”

“அது நாயைத் தேடிட்டிருந்தப்பவே தெரிஞ்சுபோச்சும்மா. பெட்டியைப் போட்டா உன் பேர் வருது, பக்கத்துல உன் படகு வருது. அது முதல் கரையிலயே நிக்குது. தினமும் பார்க்கறேன்.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?”

அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைக் கட்டை விரலால் தேய்த்தான். “சொன்னா நீ பேசறதை நிறுத்திடுவே. இருக்கறதே வாசல்ல நிக்கற நேரம்தான். அதுல ஒரு நாய் வந்தா வரட்டுமே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் மூச்சு மாதிரி ஆகி நின்றுவிட்டது. அவன் முகத்தை வெகுநாள் கழித்து உட்கார்ந்த நிலையில் பார்க்கிறோம் என்று தோன்றியது. வாசலில் எப்போதும் யாராவது ஒருவர் குனிந்துகொண்டிருப்பார்கள். அவன் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இவனும் தூங்குவதில்லை. வேலை முடிந்து வந்து, பேச்சுக்குச் சரக்கு தேடி இரண்டு பெட்டிகளில் மாறி மாறிப் படகு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

உங்களுக்கு இந்த கேமெல்லாம் இன்னும் பிடிக்கிறதா என்று கேட்டாள். அவன் யோசித்தான். லாரி கேம் பிடிக்கும், அப்பா திட்டியது காதில் கேட்கும் என்றான். மற்றது எல்லாம் கை வலிக்கிறது என்றான்.

அவளுடைய போன் அதிர்ந்தது. லேப் இன்சார்ஜ் அம்மா. அவள் எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது கட்டில் பலகையில் கொஞ்ச தூரம் நகர்ந்து ஓய்ந்தது.

“யாரு?”

“லேப்ல இருந்து. பகல்ல ஒரு இடம் காலியாகுதாம். எனக்கு வேணுமான்னு இப்போ சொல்லணும்.”

அவன் கட்டிலின் காலைப் பார்க்கத் தொடங்கினான். பிறகு மெதுவாக, உனக்கு ராத்திரிதான் நிம்மதியாக இருக்கிறது என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாயே, அப்பா போன புதிதில், அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை, உன் இஷ்டம் எதுவோ அப்படிச் செய் என்றான்.

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பாள். துக்கம் விசாரித்த யாரிடமாவது, பேச்சை முடிப்பதற்காகச் சொல்லியிருப்பாள். அந்த ஒரு வரியை இவன் இத்தனை மாதங்களாகக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். பகலுக்கு வந்தால் முழு சாயந்திரமும் இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து என்னத்தைப் பேசுவோம் என்று அவளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். வாசலில் நிற்கும் நேரத்தை நிரப்பவே ஊரார் நாயைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறதே.

திரையில் ஸ்ட்ரெச்சர் எழுந்து, ஒரு சுற்று சுற்றி, மறுபடி அதே இடத்தில் படுத்தது. யாரும் படகை ஓட்டவில்லை. அது பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. அவன் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் காதுக்குக் கொண்டுபோகவில்லை.

“என் இஷ்டம்னு விட்டுடாதீங்க. அந்த இடத்தை நானே வாங்கிக்கலாம், அது பெருசில்லை. ராத்திரிக்குப் போன்னு நீங்கதான் கேட்டீங்க. அதே மாதிரி நீங்களே கேட்கணும்னுதான் ஒரு வருஷமா வாசல்ல நிக்கறேன். கட்டில் காலைப் பார்க்காம, என்னைப் பார்த்து, வீட்டுக்கு வந்துடுன்னு ஒரு தடவை கேளுங்க.”